எக்ஸிமா: எந்த க்ரீம் என்று தேடும் முன், எவ்வளவு பூசுகிறீர்கள் என்று பாருங்கள்

அலமாரியைத் திறந்தால் நாலு டப்பா இருக்கும். ஒன்று பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கொடுத்தது, ஒன்று அலுவலகத் தோழி சொன்னது, ஒன்று இந்தியாவில் ஊரிலிருந்து வந்தது, இன்னொன்று தள்ளுபடியில் வாங்கியது. நாலிலும் பாதிக்கு மேல் மிச்சம். அரிப்பு மட்டும் குறைந்தபாடில்லை. ஐந்தாவது டப்பா வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். பல வீடுகளில் குறை க்ரீமில் இல்லை. பூசுவது போதவில்லை, பூசுவதைச் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

எக்ஸிமா வந்த தோல் கீற்று விலகிய கூரை மாதிரி. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடும். வெளியே இருக்கும் தூசு, சோப்பு, கிருமி எல்லாம் உள்ளே இறங்கும். தோல் வறண்டு அரிக்கும், சொறிந்தால் கூரை இன்னும் பிரியும், பிரிந்தால் மேலும் அரிக்கும். தினமும் கூரையை வேய்ந்துகொண்டே இருப்பதுதான் வீட்டுச் சிகிச்சை. அடியோடு ஒழிக்கும் மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கட்டுக்குள் வைக்கலாம், நன்றாகவே வைக்கலாம். பல குழந்தைகளுக்கு வயது ஏற ஏறக் குறைந்தும் விடும்.

1. இது எக்ஸிமாதானா என்று மருத்துவரிடம் உறுதிசெய்யுங்கள்

படர்தாமரையும் சிரங்கும் பார்வைக்கு எக்ஸிமா போலவே ஏமாற்றும். வட்டமாகப் படர்ந்து, ஓரம் மட்டும் தடித்து, நடுவில் தெளிந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அதன் மேல் ஸ்டீராய்டு பூசினால் இரண்டு நாள் அடங்கினாற்போல் இருந்துவிட்டு இரண்டு மடங்காகப் பரவும். வீட்டில் எல்லாருக்கும், அல்லது தங்கும் விடுதி அறையில் நாலைந்து பேருக்கு, இரவில் ஒரே நேரத்தில் அரிப்பு என்றால் சிரங்கைச் சந்தேகியுங்கள். அதற்கு மருந்து வேறு, கூட இருப்பவர்களும் ஒரே நாளில் பூச வேண்டும்.

எக்ஸிமாவுக்கு வழக்கமான இடங்கள்: கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, கை கால்களின் வெளிப்பக்கம்; வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து; பெரியவர்களுக்கு இவற்றோடு கை, கண் இமை.

2. சிவப்பைத் தேடாதீர்கள், தடவிப் பாருங்கள்

இணையத்தில் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. 'சிவந்து காணப்படும்' என்று எழுதியிருக்கும். நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு தெரியாது. கருஞ்சாம்பல், ஊதா கலந்த பழுப்பு, அல்லது சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கறுப்பு, இப்படித்தான் தெரியும். சிலருக்கு மயிர்க்கால் ஒவ்வொன்றும் புடைத்துச் சொரசொரவென்று இருக்கும். சிவப்பு இல்லை என்பதால் 'லேசானதுதான்' என்று விட்டுவிட்டால் ஒரு வாரம் வீணாகும்.

கண்ணைவிட விரல் நம்பகமானது. புறங்கையால் முழங்கை மடிப்பைத் தடவுங்கள். சூடாக, தடித்து, உப்புத்தாள் போல் இருந்தால் அழற்சி நடக்கிறது. வழவழப்பாக இருந்து நிறம் மட்டும் கறுத்திருந்தால் அது ஆறிய தடம். அதற்கு மருந்து வேண்டாம். மாதக்கணக்கில் தானே வெளுக்கும்.

'ஸ்டீராய்டு போட்டுத்தான் கறுத்துவிட்டது' என்று சொல்வதும் இங்கேதான் தொடங்குகிறது. கறுப்பது பெரும்பாலும் அழற்சியாலும் சொறிவதாலும்தான். மருந்துக்குப் பயந்து அழற்சியை இழுத்தடித்தால் தடம் இன்னும் ஆழமாகும். தடத்தை மறைக்க வெளுப்பாக்கும் க்ரீம் பூசுவது அடுத்த தவறு. அதில் உள்ளவை எக்ஸிமா தோலை எரித்துவிடும்.

3. குளியல்: 10 நிமிடத்துக்குள், வெதுவெதுப்பாக

சிங்கப்பூர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிக்காமல் முடியாது, குளிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் 5 முதல் 10 நிமிடம். ஹீட்டரை முழுதாகத் திருப்பி அரிக்கும் இடத்தில் வெந்நீரை விடுவது அந்த நிமிடம் சொர்க்கமாகத்தான் இருக்கும். அரை மணி நேரத்தில் வட்டியோடு திரும்பி வரும்.

சாதாரணக் கட்டிச் சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. அதனால் சோப்பு கலக்காத, வாசனை சேர்க்காத திரவம் வாங்குங்கள். அதையும் அக்குள், இடுக்கு, பாதம், அழுக்குப் பட்ட இடம் ஆகியவற்றுக்கு மட்டும் போடுங்கள். மற்ற இடத்துக்குத் தண்ணீரே போதும். பீர்க்கு நார், ஸ்க்ரப், தேய்ப்புக் கல் எல்லாவற்றையும் குளியலறையிலிருந்து அகற்றிவிடுங்கள். குளிக்கும் தண்ணீரில் டெட்டால் ஊற்றும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். கிருமி போகிறதோ இல்லையோ, தோல் எரியும்.

நம் வீட்டு வழக்கங்களில் எது சரி, எது வேண்டாம்?

கடலை மாவு, பயத்தம் மாவு: கரகரப்பு தோலைச் சுரண்டும், ஈரத்தையும் உறிஞ்சும். வேண்டாம்.

சீயக்காய்: தலையோடு நிற்கட்டும். குனிந்து தலையை மட்டும் அலசுங்கள். கழுத்திலும் முதுகிலும் வழிய விடாதீர்கள். தீபாவளி எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை, இப்படிச் செய்தால் போதும்.

மஞ்சள், வேப்பிலை விழுது: வெடித்த தோலில் எரியும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். 'இயற்கை' என்பதால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

எண்ணெய்: சுத்தமான தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் மாய்ஸ்சரைசருக்கு மாற்று ஆகாது. ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் தோலின் மேலடுக்கைக் கெடுக்கும். கைக்குழந்தைக்குக் கடலெண்ணெய், நல்லெண்ணெய் தேய்ப்பதைத் தவிருங்கள். பிரிந்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் பிற்பாடு அந்த உணவுக்கே ஒவ்வாமை வரும் வாய்ப்பு உண்டு.

குளித்து முடித்ததும் துண்டால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே, 3 நிமிடத்துக்குள், அடுத்த படி.

4. மாய்ஸ்சரைசர்: கிராம் கணக்கில் யோசியுங்கள்

உடல் முழுதும் வறட்சி உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் தேவை. குழந்தைக்கு ஏறக்குறைய 250 கிராம். இந்த எண்ணைப் பார்த்ததும் நம்பச் சிரமமாக இருக்கும். 50 கிராம் டியூப் ஒன்றை மூன்று மாதம் ஓட்டுகிறீர்கள் என்றால் அது மாய்ஸ்சரைசர் பூசுவதில்லை, மோந்து பார்ப்பது.

பூசும் முறை இது. டப்பாவிலிருந்து சுத்தமான கரண்டியால் ஒரு மூடிக்கு எடுத்து வையுங்கள். விரலை நேரே விட்டால் கிருமி டப்பாவுக்குள் குடியேறும். நெஞ்சு, வயிறு, கை, கால் என்று எல்லா இடத்திலும் முதலில் பொட்டுப் பொட்டாக வையுங்கள். பிறகு உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, மயிர் படியும் திசையில், மேலிருந்து கீழே நீவி விடுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பதுபோல் வட்டமாகத் தேய்க்க வேண்டாம். மயிர்க்கால்கள் அடைபட்டுக் கொப்புளம் வரும். நீவி முடித்ததும் தோல் மினுமினுக்க வேண்டும், தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும். உடனே மறைந்துவிட்டால் போதவில்லை, இன்னொரு முறை. 10 நிமிடத்தில் அடங்கிவிடும், அதன்பின் சட்டை போடலாம்.

நாளுக்கு இரண்டு முறை குறைந்தபட்சம். தோல் நன்றாக இருக்கும் நாளிலும் பூச வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: அரிப்பு போன அன்றே டப்பாவை மூடிவிடுகிறார்கள்.

எதை வாங்குவது? சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் பகலுக்கு க்ரீம் அல்லது லோஷன், இரவுக்குக் கெட்டியான களிம்பு என்பது பலருக்கும் சரிப்படும். பகலில் வாசலின் மாதிரி கெட்டிக் களிம்பை அப்பிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றால் வியர்வை வெளியேற வழியில்லாமல் வேர்க்குருதான் வரும். லேபிளில் 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்க வேண்டும். 'அன்சென்டட்' என்பது வேறு. வாசனையை மறைக்க இன்னொரு வாசனை சேர்த்திருக்கலாம். செராமைடு (தோலில் இயல்பாகவே இருக்கும் கொழுப்பு) உள்ளது நல்லது, கட்டாயமில்லை. யூரியா உள்ளது தடித்த பாதத்துக்கு நல்லது, குழந்தைக்கும் வெடித்த தோலுக்கும் எரியும். அக்குவஸ் க்ரீம் கொடுத்திருந்தால் அதன் சேர்மானத்தைப் படியுங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தால் சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பூசி விடாதீர்கள்.

விலையைப் பார்க்கும்போது டப்பாவின் விலையைப் பார்க்காமல் கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 50 கிராம் டியூப் 15 வெள்ளி என்றால் கிராமுக்கு 30 காசு. 500 கிராம் டப்பா 30 வெள்ளி என்றால் 6 காசு. விலை உயர்ந்ததைக் கஞ்சத்தனமாகப் பூசுவதைவிட மலிவானதைத் தாராளமாகப் பூசுவது மேல். புதிதாக ஒன்றை வாங்கினால் முதலில் சிறிய அளவு வாங்கி, முன்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் காலை மாலை பூசிப் பார்த்துவிட்டு அப்புறம் பெரிய டப்பாவுக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாரஃபின் உள்ள களிம்பு துணியில் ஊறினால் அந்தத் துணி சட்டென்று தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. பூஜை விளக்கு, கற்பூரத் தட்டு, கார்த்திகை அகல் பக்கம் குழந்தையை அந்தச் சட்டையோடு விடாதீர்கள்.

5. ஸ்டீராய்டு களிம்பு: பயப்படவும் வேண்டாம், விளையாடவும் வேண்டாம்

அழற்சி கிளம்பிவிட்டால் மாய்ஸ்சரைசர் மட்டும் அடக்காது. எரியும் அடுப்பை அணைக்காமல் பாத்திரத்தை மட்டும் துடைப்பது போல ஆகிவிடும்.

முதலில் கையில் இருப்பதன் வீரியத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 1% மிதமானது. குளோபெட்டசோன் 0.05% நடுத்தரம். பெட்டாமெத்தசோன் வாலரேட் 0.1%, மொமெட்டசோன் 0.1% இரண்டும் வீரியமானவை. குளோபெட்டசால் 0.05% மிக வீரியமானது. சதவீதத்தை வைத்து வீரியத்தை அளக்க முடியாது: 0.05% குளோபெட்டசால் 1% ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல மடங்கு வலியது. குளோபெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், கடைசி அசையில் வீரியம் எங்கேயோ போய்விடும். முகம், அக்குள், தொடை இடுக்குக்கு மருத்துவர் குறிப்பாகச் சொன்னால் ஒழிய மிதமானது மட்டுமே. கால் முட்டிக்குக் கொடுத்ததைக் கண் இமைக்குப் பூசக் கூடாது.

அளவுக்கு விரல்நுனிக் கணக்கு. பெரியவரின் ஆட்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூப்பிலிருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். பூசுவது குழந்தைக்கு என்றாலும் அளக்கும் விரல் பெரியவருடையதுதான்.

3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு, அழற்சி முழுதும் பரவியிருந்தால்: முகமும் கழுத்தும் 1½ விரல்நுனி, ஒரு கை முழுதும் 2, ஒரு கால் முழுதும் 3, நெஞ்சும் வயிறும் 3, முதுகும் பிட்டமும் 3½. பெரியவருக்கு: முகமும் கழுத்தும் 2½, ஒரு கை 3, உள்ளங்கையும் புறங்கையும் சேர்ந்து 1, ஒரு கால் 6, பாதம் 2, முன்பக்கம் 7, பின்பக்கம் 7.

இதை வைத்து டியூப்பைச் சரிபார்க்கலாம். 15 கிராம் டியூப்பில் 30 விரல்நுனி இருக்கிறது. முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்கு மட்டும் நாளுக்கு ஒரு விரல்நுனி என்றால் ஒரு டியூப் ஒரு மாதம் வரும். அது ஆறு மாதமாகியும் தீரவில்லை என்றால் பூசுவது காணாது. ஒரே வாரத்தில் தீர்ந்தால் இடம் பெரிதாகிவிட்டது, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவர் சொன்னபடி நாளுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, தோல் தடவினால் வழவழப்பாகும் வரை. பெரும்பாலும் 7 முதல் 14 நாள். மூன்றாம் நாள் அரிப்பு நின்றதும் நிறுத்தினால் ஐந்தாம் நாள் திரும்பி வரும், பிறகு 'இந்த மருந்து வேலை செய்யவில்லை' என்று பெயர். அடிக்கடி ஒரே இடத்தில் வருகிறதென்றால், தோல் நன்றான பிறகும் வாரத்தில் இரண்டு நாள் அந்த இடத்தில் மட்டும் பூசும் முறை உண்டு. அதை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். மாய்ஸ்சரைசருக்கும் ஸ்டீராய்டுக்கும் நடுவே 15 முதல் 30 நிமிடம் இடைவெளி விடுங்கள். எது முதலில் என்பதில் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றன் மேல் ஒன்றாகக் குழைப்பதுதான் தவறு.

கண் இமை, கழுத்துக்கு டாக்ரோலிமஸ் களிம்பு கொடுத்தால் அது ஸ்டீராய்டு இல்லை, தோலை மெலிதாக்காது. முதல் சில நாள் எரியும். எரிகிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த எரிச்சல் தானே குறைந்துவிடும்.

இப்போது அந்த ஊர் டியூப். ஊரில் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைப்பது, அங்கே விலை மலிவு, இங்கே வரும் பெட்டியில் எப்போதும் இரண்டு. பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல் என்று மூன்றும் ஒரே டியூப்பில் இருக்கும். மிக வீரியமான ஸ்டீராய்டு, பலருக்கு ஒவ்வாமை தரும் ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து. எதற்குப் பூசினாலும் முதல் வாரம் அற்புதம். பிறகு படர்தாமரையாக இருந்தால் உருமாறிப் பரவும், முகமாக இருந்தால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். அன்போடு கொண்டுவந்தவரிடம் சண்டை வேண்டாம். வாங்கி வைத்துவிட்டு மருந்தகத்தில் காட்டுங்கள்.

இணையத்திலும் குழுக்களிலும் விற்கும் 'மூலிகை', 'ஸ்டீராய்டு இல்லாத' க்ரீம்களும் அதே வகைதான். அவற்றில் வீரியமான ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சேர்மானப் பட்டியல் இல்லாத வெள்ளை டப்பா, இரண்டே நாளில் மாயம் செய்தால், சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

6. வியர்வை, ஏர்கான், புகைமூட்டம்

வியர்வை உலர்ந்து உப்புப் படிந்தால் அரிக்கும். வியர்த்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, ஒற்றி, சட்டையை மாற்றி, மெல்லிதாக மாய்ஸ்சரைசர். பள்ளிப் பையில் ஒரு சிறிய துண்டு, மாற்று உள்சட்டை, 30 மில்லி டப்பா. உடற்பயிற்சி வகுப்பு முடிந்ததும் கழுத்தையும் முழங்கை மடிப்பையும் நனைத்து ஒற்ற 2 நிமிடம் ஆகும்.

ஏர்கானை 25 அல்லது 26 டிகிரியில் வையுங்கள், காற்று நேரே உடம்பில் படாமல் திருப்பிவிடுங்கள். 18 டிகிரியில் போர்வைக்குள் சுருண்டால் வெளியே வறட்சி, உள்ளே வியர்வை, இரண்டும் சேர்ந்து வரும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள்.

நீச்சலுக்கு 20 நிமிடம் முன் மாய்ஸ்சரைசர், வெளியே வந்ததும் உடனே அலசல், மறுபடி மாய்ஸ்சரைசர். தோல் வெடித்து நீர் கசியும் வாரத்தில் நீச்சல் வேண்டாம்.

புகைமூட்டம் வந்தால் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஒரு மணி நேர பிஎம்2.5 (காற்றில் உள்ள நுண்துகள்) அளவைப் பாருங்கள். சன்னலை மூடி, துணியை உள்ளே காயவைத்து, வெளியே போய் வந்ததும் குளித்துவிடுங்கள். சாம்பிராணிப் புகையும் புகைதான். அந்த வாரம் அதற்கும் ஓய்வு.

7. துணியும் படுக்கையும்

சலவைத் தூளைவிடத் திரவம் நன்றாக அலசப்படும். அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், கூடுதல் அலசல் பொத்தானை அழுத்துங்கள், துணி மென்மையாக்கியை நிறுத்துங்கள். புதுத் துணியைத் துவைத்த பிறகே உடுத்துங்கள். மஞ்சள் வைத்து அப்படியே உடுத்தும் தீபாவளிப் புத்தாடைக்கு ஒரு சமரசம் உண்டு: முன்பே துவைத்து இஸ்திரி போட்டு வையுங்கள், அன்று மஞ்சளைத் துணியின் ஓரத்தில் மட்டும் தடவுங்கள். பட்டுப் பாவாடையின் ஜரிகை இடுப்பையும் கழுத்தையும் அறுக்கும், உள்ளே பருத்தி வைத்துத் தைத்து வாங்குங்கள். அரைஞாண் கயிறு, மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு இவை நனைந்து நனைந்து உலராமல் கிடக்கும். அங்கே வட்டமாக அரித்தால் காரணம் தேட வேண்டியதில்லை.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில். தூசிப் பூச்சி பச்சைத் தண்ணீரில் சாகாது. இயந்திரத்தில் வெந்நீர் வசதி இல்லையென்றால் அடுக்குமாடி புளோக் கீழே இருக்கும் சலவைக் கடையின் உலர்த்தியில் நல்ல சூட்டில் போட்டு எடுங்கள். பொம்மைகளைப் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டுத் துவைக்கலாம்.

8. இரவு அரிப்பு

நகத்தை வாரம் இரண்டு முறை வெட்டி மழுங்க ராவுங்கள். சொறியாதே என்று சொல்லிப் பயனில்லை, கைக்கு வேறு வேலை கொடுங்கள்: ஈரத் துணியை ஃப்ரிட்ஜில் வைத்து 5 நிமிடம் ஒத்தடம், அல்லது உள்ளங்கையால் தட்டிக்கொடுப்பது. மெந்தால் கலந்த க்ரீம் பெரியவர்களுக்குக் குளிர்ச்சி தரும், வெடித்த இடத்தில் வேண்டாம். தூக்கம் வரவைக்கும் அரிப்பு மாத்திரை தூங்க உதவுமே தவிர எக்ஸிமாவைக் குறைக்காது. மறுநாள் காலை லாரி ஓட்டுகிறவர், உயரத்தில் வேலை செய்கிறவர் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

9. 'கரப்பான் பண்டம்' பட்டியல்

கத்தரிக்காய், கருவாடு, இறால், நண்டு, முட்டை எல்லாம் அரிப்பைக் கிளப்பும் என்று பெரியவர்கள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் தோல் அப்படியே இருக்கும், பிள்ளை இளைக்கும். சாப்பிட்டு சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், தடிப்பு எழும்பினாலோ உதடு வீங்கினாலோ வாந்தி வந்தாலோ அது உணவு ஒவ்வாமை. நிறுத்தி, சோதனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஆம்புலன்சுக்கு 995. அப்படி எதுவும் இல்லாமல் பொதுவாக அரிக்கிறது என்றால் இரண்டு வாரம் உணவுக் குறிப்பு எழுதி, மருத்துவரிடம் காட்டிய பின் முடிவுசெய்யுங்கள். எக்ஸிமா உள்ள கைக்குழந்தைக்கு முட்டை, வேர்க்கடலையைத் தள்ளிப் போடுவது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், தாமதம்தான் ஒவ்வாமையைக் கூட்டுகிறது. எக்ஸிமா கடுமையாக இருந்தால் மட்டும் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

10. கையில் வரும் எக்ஸிமா

சமையல், முடி திருத்தம், துப்புரவு, கட்டுமானம், பணிப்பெண் வேலை, எல்லாவற்றிலும் கைதான் முதலில் வெடிக்கும். ஈர வேலைக்குப் பருத்திக் கையுறை உள்ளே, நைட்ரைல் கையுறை வெளியே. உள்ளே வியர்த்து நனைந்தால் மாற்றுங்கள், 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேண்டாம். ஈரச் சிமெண்ட் காரம் மிகுந்தது, அதில் உள்ள குரோமேட் ஒவ்வாமையும் தரும். கையுறைக்குள் சிமெண்ட் புகுந்துவிட்டால் கையுறை இல்லாததைவிட மோசம், உடனே கழற்றிக் கழுவுங்கள். ஓய்வு நாளில் குறைந்து வேலை நாளில் கூடுகிறது என்றால் எந்தத் தேதியில் என்ன பொருளைத் தொட்டீர்கள் என்று எழுதிவைத்து மருத்துவரிடம் வேலையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. சீட்டு, ரசீது எதையும் எறியாதீர்கள்.

11. வீட்டு வைத்தியம் நிற்க வேண்டிய இடம்

தேன் நிறத்தில் பொருக்கு, நீர் கசிவு, சீழ், அரிப்புக்குப் பதில் வலி: கிருமித் தொற்று. அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போங்கள்.

ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், குத்தி எடுத்தாற்போல் குழிப் புண்கள், கூடவே காய்ச்சல்: உதட்டோரக் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் கிருமி எக்ஸிமாவில் இறங்கியிருக்கலாம். அன்றே அவசரப் பிரிவு. கண்ணருகே என்றால் மணிக்கணக்குக்கூடப் பார்க்காதீர்கள். அதன் மேல் ஸ்டீராய்டு பூசாதீர்கள்.

தொற்று திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவர் பிளீச் குளியல் சொல்லலாம். தானாகத் தொடங்க வேண்டாம். நம் வீடுகளில் குளியல் தொட்டி இல்லாததால் குழந்தைத் தொட்டியில் செய்வார்கள், அளவில்தான் தப்பு நடக்கும். 5% பிளீச் என்றால் லிட்டருக்கு 1 மில்லி, அதாவது 20 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, அதற்கு மேல் இல்லை. வாசனையோ சலவைத் திரவமோ சேராத வெறும் பிளீச், 5 முதல் 10 நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். பிளீச்சைக் கழிவறை கழுவும் திரவம் எதனுடனும் கலந்துவிடக் கூடாது, நச்சுக் காற்று வரும்.

12. மருத்துவரிடம் போகும்போது

சிங்கப்பூரர், நிரந்தரவாசி என்றால் பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். ஹெல்த்ஹப் செயலியில் முன்பதிவு செய்யலாம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு தேசிய சரும நிலையத்துக்கோ கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ போனால் மானியக் கட்டணம். சாஸ் (சமூக சுகாதார உதவித் திட்டம்) அட்டை உள்ளவர் அத்திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகத்தின் கடிதத்தோடும் போகலாம். கடிதமில்லாமல் நேரே நிபுணரிடம் போனால் தனியார் கட்டணம். பிறகு மானியத்துக்கு மாறுவது எளிதல்ல. மானிய வழியில் முதல் சந்திப்புக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதனால் முற்றும் வரை பார்த்திருக்காமல் கடிதத்தை முன்பே வாங்குங்கள். அந்த இடைவெளிக்குப் போதுமான களிம்பையும் கேட்டு வாங்குங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: அடையாள அட்டை, பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ், பரிந்துரைக் கடிதம், வீட்டில் உள்ள எல்லா டியூப்பும் ஒரே பையில், ஊர் டியூப் உட்பட, தேதியோடு புகைப்படங்கள். சந்திப்பு நாளில் பார்த்துத் தோல் நன்றாகிவிடும், அதனால் மோசமான நாளில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் அவசியம். வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் கெட்டது என்ற எண்ணிக்கையும் சொல்லுங்கள். ஒளிச் சிகிச்சை, மாத்திரை, ஊசி என்று அடுத்த கட்டங்கள் உண்டு, அவற்றை முடிவுசெய்ய இந்த எண்ணிக்கைதான் உதவும்.

பாலர் பள்ளிக்கோ பராமரிப்பு நிலையத்துக்கோ க்ரீம் பூசச் சொல்லும் கடிதம், தேசிய சேவை மருத்துவப் பரிசோதனைக்கான நிபுணர் கடிதம், இரண்டையும் அறைக்குள் இருக்கும்போதே கேளுங்கள். பிறகு தனியாக விண்ணப்பித்தால் கட்டணமும் நாளும் கூடும்.

13. ஊருக்குப் போகிறீர்களா?

விமானக் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட டப்பா போகாது. பெரியதைப் பெட்டியில் போட்டு, 50 மில்லியில் மாற்றியதைக் கையில் வையுங்கள். விமானத்துக்குள் காற்று வறண்டது. நாளுக்கு எவ்வளவு பூசுகிறீர்களோ அதை நாளால் பெருக்கி, கூட ஒரு வாரத்துக்கு எடுங்கள். அங்கே ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீராக இருந்தால் குளியலை 5 நிமிடமாகக் குறைத்து, பூசுவதை ஒரு வேளை கூட்டுங்கள். மார்கழிக் காலை என்றால் இரண்டு வேளை.